குடிபோகும் மீனாவுக்கு

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லையா? பெங்களூரில் லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

மதுரையை விட்டுப் போவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் என்று கேஸ் இணைப்பு, ஸ்கூல் டிசி, பேங்க் விலாசம் எல்லாம் எழுதியிருந்தாய். கார் இன்சூரன்ஸ் அதில் இல்லை. அதற்காகத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

2025 சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தேன் இல்லையா? அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் நரிமேட்டில் எங்கள் பழைய வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு, முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த நாலைந்து கவர்களை எடுத்துத் தந்தார். "உனக்கு வந்ததுதாம்மா, போன்ல சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றார். மேலே இருந்தது இன்சூரன்ஸ் ரெனியூவல் நோட்டீஸ். பாலிசி ஜனவரி 27-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

மெசேஜ் வந்திருக்குமே என்று கேட்பாய். பாலிசியில் இருந்தது இவருக்கு ஆபீஸில் கொடுத்த நம்பர். அந்த வேலையை விட்டபோதே சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்னை வந்து ஏழெட்டு மாதமாகியும் விலாசத்தையோ நம்பரையோ மாற்ற எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றரை மாதம், மீனா. தினமும் காலையில் விஜயநகர் நெரிசலில் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். போலீஸ் பிடித்தால் 2,000 ரூபாய் அபராதம், அதைக்கூட விடு. யார் மேலாவது இடித்திருந்தால்? அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. எங்களால் எவ்வளவு புரட்டிக் கொடுத்திருக்க முடியும்? இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஐந்து வருஷம் ஒரு கிளெய்ம்கூடப் போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடியும், போயிற்று. முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பித்திருந்தால் அது தங்கியிருக்கும். நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம். ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்துப் போன பிறகுதான் புதுப் பாலிசி கிடைத்தது.

அதனால் நீ பெங்களூர் போனதும் முதல் வாரத்திலேயே கம்பெனிக்கு மெயில் போடு. வாடகை ஒப்பந்தத்தின் நகலை வைத்துப் புது விலாசத்தைக் கொடு. மாற்றத்தைப் பதிந்துகொண்டோம் என்று எண்டார்ஸ்மென்ட் தாள் ஒன்று அனுப்புவார்கள், அதைப் பாலிசியோடு சேர்த்து வை. போன் நம்பர், மெயில் ஐடி இரண்டும் உன்னுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். ஆர்சி புத்தகத்திலும் விலாசம் மாற வேண்டும். வீடு மாறி 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

உனக்கு வேறு மாநிலம் என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. 12 மாதத்துக்கு மேல் வண்டி அங்கேயே இருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். மதுரை ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்கி, அங்கே வரி கட்டினால் கேஏ நம்பர் வரும். வந்த கையோடு அந்த நம்பரைப் பாலிசியில் ஏற்றிவிடு. ஆர்சியில் ஒரு நம்பர், பாலிசியில் ஒரு நம்பர் என்று இருந்தால் கிளெய்ம் நேரத்தில் அலைய விடுவார்கள்.

பிரீமியம் ஏறுமா என்று அண்ணன் கேட்பார். தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான பங்குக்கு, எந்த ஊரானாலும் ஒரே தொகைதான். உங்கள் வண்டி 1197 சிசி, 2022 ஜூனில் வந்த கட்டணப்படி வருஷத்துக்கு 3,416 ரூபாய். சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்குதான் கொஞ்சம் மாறும். பெங்களூர், சென்னை மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மதுரை பி மண்டலம். ஏ-யில் சற்றுக் கூடுதல்.

பெங்களூரில் நீ பார்த்திருக்கிற வீடு பெல்லந்தூர் பகுதியில் என்று படித்ததும் எனக்கு 2022 செப்டம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பார்க்கிங் தூணில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது, 2023 டிசம்பர் புயல் மழையில் தண்ணீர் நின்ற அடையாளம். கீழ்வீட்டுக்காரர் பதற்றத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைந்துவிட்டது. சாதாரணப் பாலிசியில் அதற்குப் பணம் தர மாட்டார்கள், இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். மதுரையில் அது நமக்குத் தேவைப்படவில்லை. அடுத்த ரெனியூவலில் நீ அவசியம் சேர்த்துக்கொள். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடவே வேண்டாம் என்று அண்ணனிடமும் சொல்லி வை.

பாலிசியின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை பார்க்கிறேன். புது வீட்டு விலாசத்தையும் மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
செல்வி