பன்னிரண்டாம் வகுப்போடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் மாநில உயர்கல்வி மன்றத்தாருக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடநூல்களை அரசே எழுத வைக்கிறது, அச்சிடுகிறது, யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்திலும் வைக்கிறது. அதே பிள்ளை பட்டப் படிப்பில் சேர்ந்ததும் புத்தகம் அவரவர் பாடு என்றாகிவிடுகிறது. பட்டப் படிப்புக்கும் இலவசமான, யாரும் படியெடுக்கவும் திருத்தவும் இடம்தரும் திறந்த உரிமம் கொண்ட பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவர வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில், மின் நான்முனையின் மின்னழுத்தம் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று எழுத வேண்டிய இடத்தில், பாதி வகுப்பு இருமடி என்று எழுதியிருந்தது. காப்பியடித்தார்களோ என்று விசாரித்தேன். இல்லை. நாங்கள் பரிந்துரைத்த நூல் நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவில் மட்டும் இருக்கிறது, வெளியே தரமாட்டார்கள். மதிய இடைவேளையில் ஒரு மாணவி பக்கத்தைப் பிரித்துப் பிடிக்க, இன்னொருத்தி போனில் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். படம் சுருங்கியதில் அடுக்குக்குறி மூன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அந்த மங்கலான படம்தான் அத்தனை பேருக்கும் பாடநூல். சாயங்காலம் உட்கார்ந்து படிக்கலாமே என்றால், கடைசி வகுப்பு முடிந்ததும் கிளம்பாவிட்டால் அவர்கள் ஊருக்குப் பஸ் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

விலைக்கு வாங்கட்டும் என்பீர்களா? ஒரு பருவத்துக்கு வேண்டிய எல்லா நூல்களையும் வாங்கினால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு அதற்கே சரியாகிவிடும். முன்பெல்லாம் சீனியர் புத்தகம் ஜூனியருக்கு வரும். பாடத்திட்டம் மாறும்போது அதுவும் அறுந்துபோகிறது.

ஆனால் அந்தப் பாடத்திட்ட மாற்றத்திலேயே வழியும் இருக்கிறது. 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தீர்கள். மாநிலம் முழுக்கப் பாடங்கள் பெருமளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்றீர்கள். சரி, பாடம் ஒன்றானால் ஒரு நல்ல புத்தகம் எல்லாக் கல்லூரிக்கும் போதுமே! பாடத்திட்டத்தை அனுப்பிவிட்டுப் புத்தகத்தை மறந்தது எப்படி?

இது நமக்குப் புதிதும் இல்லை. 1960-களிலும் 70-களிலும் கல்லூரிப் பாடங்களுக்கு அரசே தமிழில் நூல்கள் எழுத வைத்தது. அவை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அருமையான நூல்கள், ஆனால் அரை நூற்றாண்டு பழையவை. தமிழ்வழியில் பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்கு அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆசிரியர் சொல்லி எழுதவைக்கும் நோட்ஸ்தான். பாரதியின் எழுத்தை மக்களுக்குப் பொதுவாக்கிய அரசு இது. அரசு ஊதியம் வாங்கும் நாங்கள் எழுதும் பாடநூலைப் பொதுவாக்குவதில் என்ன தடை?

எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் வேண்டாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ், பல்கலைக்கழக இயற்பியலை மூன்று தொகுதிகளாக இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழாக்கலாம், நம் பாடத்திட்டத்துக்கேற்ப மாற்றலாம். யாரிடமும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் பேசும்போதெல்லாம் ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் என்பிடெல் பாடக் காணொளிகள் இருக்கின்றனவே என்கிறார்கள். நல்ல காணொளிகள்தான், நானே பார்க்கிறேன். ஆனால் அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் கணக்குகளை ராத்திரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கையில் புத்தகம் வேண்டும். ஒன்றிய அரசோ ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது ஆய்விதழ்களுக்கானது. என் முதலாண்டு மாணவிக்கு அதில் ஒரு பக்கம்கூட உதவாது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். திறந்த பாடநூலுக்கு ஒருமுறை செலவழித்தால் அது நம்மிடமே இருக்கும், ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளலாம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று மாநில அரசு அறிவித்ததே, அதைத் திறந்தால் படிக்கப் பாடநூல் இருக்க வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறேன்: எல்லாப் பாடங்களையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. வரும் கல்வியாண்டில் முதலாண்டு முதன்மைப் பாடங்களுக்கு மட்டுமாவது இலவசத் திறந்த பாடநூல்களைத் தொடங்குங்கள். எழுதுகிற ஆசிரியர்களுக்கு உரிய மதிப்பூதியமும், கௌரவ விரிவுரையாளர்கள் எழுதினால் அட்டையில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். இயற்பியலுக்கு எழுதவும் மெய்ப்புப் பார்க்கவும் நான் தயார். குழு அமைக்கும் ஆணையை நீங்கள்தான் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர்