தண்ணீரின் மேல் படியும் ஏடு: மகளுக்கு ஒரு கடிதம்

வடசேரி,
நாகர்கோவில்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறிய பாலில் ஏடு படிவதுபோல உன் மீன் தொட்டித் தண்ணீரின்மேல் வெண்சாம்பல் நிறத்தில் படலம் படர்ந்திருக்கிறது. விளக்கு வெளிச்சம் விழும் மூலையில் லேசாக மினுங்கவும் செய்கிறது. மீன்களுக்கு ஏதும் நோயா என்று கேட்டிருந்தாய். நோய் இல்லை மக்களே, ஆனாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

மீன் தின்னாமல் விட்ட இரை, அதன் கழிவு, அழுகும் செடியிலை ஆகியவற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும், மற்றொரு பகுதி நீரை விலக்கும். ஆகவே அவை தண்ணீரும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பில் வந்து ஒதுங்குகின்றன. அங்கே உணவு குவிந்து கிடப்பதைக் கண்டு பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும் ஏடாகிறது. தண்ணீர் மேலே அசைந்துகொண்டிருந்தால் இந்தப் படலம் உருவாவதற்குள்ளேயே உடைந்து கலந்துவிடும்.

அது எண்ணெயா, பாக்டீரியாப் படலமா என்று நீயே பார்க்கலாம். ஒரு ஈர்க்குச்சியால் மெல்லக் கீறிப் பார். சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகளுக்கு இடையே டீசல் மிதந்ததை உனக்குக் காட்டியிருக்கிறேன். கல்லெறிந்தாலும் அந்த வானவில் நிறம் உடனே கூடிக்கொள்ளும். எண்ணெய் அப்படித்தான். பாக்டீரியாப் படலம் பெரும்பாலும் கிழிந்து துண்டுதுண்டாக விலகி நிற்கும். உன் படத்தில் ஓரமாகச் சுருங்கி நிற்பதைப் பார்த்தால் பாக்டீரியாதான் அதிகம் என்று தோன்றுகிறது.

அது ஏன் எனக்குப் பெரிதாகப்படுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தை அடித்துப்போட்டது உனக்கு நினைவிருக்கும். கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊரே கலங்கி நின்ற நாட்கள் அவை. மின்சாரமும் பல நாட்கள் இல்லை. நம் வீட்டுத் தொட்டியில் ஃபில்டரும் ஏர் பம்பும் நின்றுவிட்டன. நானோ வழக்கம்போல இரை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர்மேல் தடித்த ஏடு. அதன் கீழே ஏஞ்சல் மீன்கள் வாயை மேலே தூக்கி, செவுள் படபடக்க, ஒரே இடத்தில் நின்றன. ஏட்டைக் காகிதத்தால் வழித்துவிட்டு, ஒரு கப்பில் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். இரண்டு மீன்கள் பிழைக்கவில்லை. அன்று அந்த இரையைப் போடாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் தண்ணீருக்குள் இறங்குகிறது, கரியமில வாயுவும் அந்த வழியாகவே வெளியேறுகிறது. அசையாத தண்ணீரின்மேல் ஏடும் மூடிக்கொண்டால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிறது. அதிலும் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 அளவுதான் கரையும். சென்னை வெயிலில் உன் தொட்டி இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலைதான் மிக மோசமான நேரம். உன்னிடம் உள்ள கௌராமி மேலே வந்து காற்றையே விழுங்கும் இனம் என்பதால், அது வாய் வைக்கும் இடம் சுத்தமாக இருப்பது இன்னும் அவசியம்.

முதலில், அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழு. ஏடு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மூன்று நான்கு தாள் போதும். ஆனால் இது அன்றைக்கு மட்டும்தான். காரணம் போகாவிட்டால் இரண்டு நாளில் திரும்ப வரும். எனவே ஃபில்டரின் தண்ணீர் வரும் வாயை மேற்பரப்பை ஒட்டி உயர்த்தி, தொட்டி முழுக்கச் சிற்றலை ஓடும்படி சாய்த்து வை. சத்தத்தோடு கொட்ட வேண்டியதில்லை, எதிர்க் கண்ணாடி வரை நீர் நெளிந்தால் போதும். காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் மட்டும் வைத்தால், குமிழி வரும் இடத்தில் ஏடு உடைந்து, மூலைகளில் போய் ஒதுங்கி நிற்பதைப் பார்ப்பாய். மேல்நீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் நல்ல கருவிதான், ஆனால் உன் கப்பி மீன் குட்டிகளை இழுத்துவிடும் என்பதால் இப்போது வாங்காதே.

இரையைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்குப் போடு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாதே. தொட்டிக்குள் கை விடுமுன் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடை, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு செடி நடாதே. தொட்டி சமையலறை வாசலை ஒட்டி இருப்பதையும் படத்தில் கவனித்தேன். நம் வீட்டில் சாளை மீன் பொரித்த மறுநாள் தொட்டித் தண்ணீரில் பளபளப்பு தெரியும்; மேலே கண்ணாடி மூடி போட்ட பிறகுதான் அது நின்றது. மூடியில் காற்றுக்குச் சிறு இடைவெளி விடு.

2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் உன் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் 12 லிட்டர் மாற்று. குளோரின் நீக்கிய தண்ணீரையே ஊற்று. வெளியே எடுக்கும்போது கப்பின் விளிம்பு மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்கும்படி அழுத்திப் பிடித்தால் ஏடு முதலில் உள்ளே வழிந்து விழும். கடையில் மருந்து கொடுத்தால் வாங்காதே. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை ஃபில்டரில் மாற்றும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடக்கூடும். மோலி மீன் ஏட்டைக் கொத்தித் தின்னும் என்பது உண்மையே. ஆனால் இருக்கும் மீன்களே அந்தத் தொட்டிக்கு நிறைவு.

வரும் ஞாயிறு விளக்கைப் போடுமுன், காலை ஆறு மணிக்கு, மேலிருந்து ஒரு படமும் பக்கத்திலிருந்து ஒரு வீடியோவும் எடுத்து அனுப்பு. மீன்கள் நடுத்தண்ணீரில் நிற்கின்றனவா, மேலே வாய் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா