தலைபோகிற விஷயம்தான், வடிவு

செங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்புள்ள வடிவு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் இங்கேயே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி, அவருக்கு வாயு, எனக்குப் பள்ளிக்கூடம். நாலு நாளாகச் சாரல் நன்றாக விழுகிறது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம். உள்ளூர்க்காரி என்பதால் நான் இன்னும் போகவில்லை. ராணி டீச்சர் ரிட்டையர் ஆகிவிட்டார். விழாவில் மைக்கைப் பிடித்து நம் இரண்டு பேர் கதையைத்தான் மறுபடியும் சொன்னார். பதிமூன்று கண் பாலத்து விஷயம் மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் காகிதம்.

நிவேதா எறணாகுளத்திலிருந்து லீவுக்கு வந்தாள். ஸ்டேஷனில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. தலை முழுக்க நூல் நூலாகப் பின்னல். ஆப்பிரிக்கப் பெண்கள் போட்டுக்கொள்வார்களே, அது. காலேஜ் விழாவுக்காக அங்கே ஒரு பார்லரில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டாளாம். ஒவ்வொரு பின்னலிலும் செயற்கை முடி வேறு சேர்த்திருக்கிறது. நம் சவுரியின் பேத்தி என்று வைத்துக்கொள். போட்ட முதல் இரண்டு ராத்திரி தலையணையில் தலை வைக்க முடியவில்லையாம், நெற்றியோரத்தில் பொரிப்பொரியாக எழும்பியதாம். பார்லரில் கேட்டதற்கு, “ரெண்டு நாளில் பழகிடும்” என்றார்களாம். இவளும் பழகிக்கொண்டாள். ஆறு வாரம்.

சனிக்கிழமை பட்டாசாலையில் பேப்பரை விரித்துப் போட்டு அவிழ்க்க உட்கார்ந்தோம். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் பின்னலை அவிழ்த்து விரலால் கோதினேன். கொத்தாகக் கையோடு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. அரை மணி நேரத்தில் பேப்பர் மேல் தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டது போல ஒரு பந்து. அத்தை ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அடிப் பாவி, வேரோடு வந்திருச்சு!” என்று அலறினாள். நானும் பார்த்தேன். நுனியில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ். நிவேதா அழ ஆரம்பித்தாள். அத்தை திருஷ்டி கழிக்க மிளகாய் எடுக்கப் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். கணக்கு டீச்சர் புத்தி. ஒரு பின்னலில் வந்தது 52. மொத்தப் பின்னல் 72. பெருக்கினால் 3,744. ராத்திரி முழுக்க அந்த எண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

திங்கட்கிழமை தென்காசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அந்தப் பந்தையும் கேரி பேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், சிரிக்காதே. அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு முடியை எடுத்துக் குமிழைக் காட்டி, இது வேரே இல்லை என்றார். வளர்ந்து முடிந்து, உதிரக் காத்திருந்த முடியின் அடிப்பகுதி இப்படித்தான் இருக்குமாம். வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கும். அதிலிருந்து அடுத்தது முளைக்கும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் தினமும் 50 முதல் 100 வரை எல்லாருக்கும் உதிரும். நமக்கு அது சீப்பிலும் குளியலறை ஜாலியிலும் போய்விடுவதால் தெரிவதில்லை. இவளுக்குப் போக வழியில்லை. உதிர்ந்த முடியும் பின்னலுக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, ஆறு வாரத்து வரவு ஒரே நாளில் கைக்கு வந்திருக்கிறது. 42 நாள், நாளுக்கு நூறு என்றால் 4,200. என் 3,744 அதற்குள் அடங்கிவிட்டது. கணக்கு உதைக்கவில்லை, வடிவு! இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார், வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட மொத்தமாகக் கொட்டுமாம். ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார். இரும்பு குறைவு, மெஸ் சாப்பாட்டின் புண்ணியம், மாத்திரை கொடுத்திருக்கிறார். அப்புறம் அறுபது முடி போலச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நாலுதான் வந்தது, அது பரவாயில்லையாம்.

சரி, கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். அந்த அம்மா ஒரு லென்சை எடுத்து நிவேதாவின் காதுக்கு மேலே, நெற்றியோரத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “சின்ன வயசிலிருந்து இறுக்கிப் பின்னுவீங்களா?” என்றார்.

நான் ‘ஆமாம்’ என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அங்கே முடி மெலிந்திருக்கிறது. ஓரத்தில் பூனைமுடி போல ஒரு வரிசை மட்டும் நிற்க, அதற்குப் பின்னால் தோல் தெரிகிறது. ஆறு வாரப் பின்னல் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது மட்டும்தான். தீ எப்போதோ வைத்தது. ட்ராக்‌ஷன் அலோபீசியா என்று பெயராம். இழுவையினால் வரும் வழுக்கை. 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்களாம், உச்சியில் இழுத்துக் கட்டும் கொண்டையால் வந்ததென்று. பனிக்கட்டி தேசத்தில் கண்டுபிடித்தது குற்றாலச் சாரலில் நனைந்த என் காதுக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வடிவு, அந்தப் பன்னிரண்டு வருஷத்தை நினைத்துப் பார். காலை ஏழே காலுக்கு வேன். குளித்து வந்த ஈரத் தலையோடு பிள்ளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்து உட்கார வைப்பேன். ஈர முடி இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அப்படியே அறுந்தும் போகும் என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? நேர்வகிடு எடுத்து, புருவம் மேலே ஏறுகிற வரை இழுத்து, ரெட்டைச் சடை பின்னி, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி முடிப்பேன். ஆடினால் சீப்பாலேயே தோளில் ஒன்று. “வலிக்கும்மா” என்பாள். “இறுக்கிப் பின்னினாத்தான் முடி வளரும்” என்பேன். என் அம்மா எனக்குச் சொன்னது, உன் அம்மா உனக்குச் சொன்னது. டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல அது பாட்டுக்கு வளருமாம். நாம் இழுப்பது அதற்குத் தெரியவே தெரியாது, வேருக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுப் புனலூர் சேச்சி ஒருநாள் மதில் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எந்தினா மோளே இங்ஙனெ வலிச்சு கெட்டுந்நே? குட்டிக்கு வேதனிக்கில்லே?” ஏன் இப்படி இழுத்துக் கட்டுகிறாய், பிள்ளைக்கு வலிக்காதா என்று. விரித்துப் போட்டால் பேன் ஏறும் சேச்சி என்று பதில் சொன்னேன். அவள் பிள்ளைகள் குளித்துவிட்டு வந்தால் இரண்டு காதோரத்திலிருந்தும் கொஞ்சம் முடி எடுத்துத் தளர்வாக ஒரு குளிப்பின்னல், அதில் ஒரு துளசிக்கதிர், அவ்வளவுதான். முடி பாட்டுக்குக் காயும். நான் மனதுக்குள், என்ன அலங்கோலம் என்று நினைப்பேன். நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே. ஆச்சியின் பழைய படம் ஒன்று இருக்கிறது, பதினைந்து வயசிருக்கும். அதே குளிப்பின்னல். முடி நெற்றியில் பாதி வரைக்கும் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆச்சிக்கு இழுத்து முடிந்த கொண்டையும் ஏறின நெற்றியும்தான். அது வயதாகவும் இருக்கலாம், சத்தியம் பண்ணி நான் சாட்சி சொல்லவில்லை. எல்லை மாறின பிறகும் தேங்காய் எண்ணெயும் தலைக்குத் தேய்க்கும் செம்பருத்தித் தாளியும் அந்தப் பக்கத்து வழக்கப்படியே வைத்துக்கொண்டோம். பின்னலை மட்டும் ஏன் மாற்றினோமோ.

கடைசியில் என் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் பாருங்கள் என்றேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு எனக்குப் போயிருப்பது உனக்குத் தெரியும். குடும்ப நெற்றி என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். லென்சை வைத்தார், எடுத்தார். நிவேதாவுக்கு முளைக்கும் துளைகள் இன்னும் இருக்கின்றன, இழுப்பதை விட்டால் சில மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும் என்றார். எனக்குத் தோல் வழவழவென்று ஆகிவிட்டதாம். “இனி வராதும்மா” என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளுக்கு வரும் என்றதே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் வரும்போதுதான் உன் ஞாபகம். ஏட்டி, உன்னை ‘கிரவுண்டு’ என்று கூப்பிட்டோமே! உன் நெற்றியில் மாட்டுவண்டி திரும்பும் என்று நான்தான் முதலில் சொன்னேன், பழியை அன்றைக்கு பாத்திமா மேல் போட்டுவிட்டேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ சிரித்தாய், ஆனால் அதற்கப்புறம் போட்டோ எடுக்கும்போதெல்லாம் பின் வரிசைக்குப் போனாய். அரிசி மில்லுக்குப் போகிற அவசரத்தில் உன் அம்மா ஐந்து பிள்ளைகளுக்கும் வரிசையாகப் பின்னுவார்கள். உனக்குத்தான் முடி ரொம்ப, அதனால் இழுப்பும் உனக்குத்தான் ரொம்ப. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதே கைதான்.

இவ்வளவும் எழுதியது இதற்காக. உன் மீனு டான்ஸ் கிளாஸ் போகிறாள், தை மாதம் அரங்கேற்றம் என்று எழுதியிருந்தாய். சவுரி, குஞ்சலம், ராக்கொடி என்று அந்தச் சின்னத் தலையில் எவ்வளவு கனம் ஏறும்! மேடைக்கு ஒருநாள் போடட்டும். இறங்கினதும் அவிழ்த்துவிடு. வாராவாரம் வகுப்புக்கும் உச்சியில் இழுத்துக் கட்டச் சொன்னால் டீச்சரிடம் தன்மையாகப் பேசு. எண்ணெய் வைக்கிற சாக்கில் காதோரத்தைப் பார். அறுந்த குட்டை முடி, பரு போலப் பொரி, தொட்டால் வலி, இதில் எது இருந்தாலும் கட்டைத் தளர்த்து. ஈரத்தோடு பின்னாதே. வலிக்கிறது என்று அவள் சொன்னால் நம்பு. மிரட்டிக் கேட்டுவிடாதே, உன் குரலுக்குப் பிள்ளை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும்.

அத்தை சின்ன வெங்காயச் சாறு தேய்க்கலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீடு முழுக்கச் சாம்பார் வாசனை. டாக்டர் தேவையில்லை என்றாலும் தடுக்கவில்லை, எரிந்தால் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

ஆடிக்குள் மீனுவைக் கூட்டிக்கொண்டு வா, சாரல் இருக்கும்போதே. என் எவர்சில்வர் தூக்கு உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே.

உன்,
கோமு

பி.கு.: இப்போது சீப்பு நிவேதா கையில். காலையில் எனக்கு அவள்தான் பின்னிவிடுகிறாள், விரலே படாத மாதிரி. இரண்டாவது பீரியடுக்குள் அவிழ்ந்து தொங்குகிறது. நேற்று ஹெச்.எம். கூப்பிட்டு, “டீச்சர், காய்ச்சலா?” என்று கேட்டார்.