கண் திறந்தால் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் அழகுக் குறிப்புகளில், ஐ ஷேடோ (இமைமேல் பூசும் நிறப்பூச்சு) பூசும் முறை எல்லாக் கண்களுக்கும் ஒன்றே என்பதுபோல் எழுதப்படுவது பொருத்தமாக இல்லை. புருவத்துக்குக் கீழுள்ள தோல் இமைமீது மடிந்து இறங்கிய கண்ணில், மடிப்புக்குள் அடர்நிறம் பூசினால், கண்ணைத் திறந்ததும் அது மறைந்துவிடும். ஆகவே கண்ணாடியை நேராகப் பார்த்தபடி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, மடிப்புக்குச் சற்று மேலே மினுமினுப்பில்லாத நடுத்தர நிறத்தைப் பிரஷ்ஷால் மெல்லப் பரப்ப வேண்டும். (என் கண்ணும் இவ்வகையே, பல நாள் பூச்சு இப்படித்தான் வீணாயிற்று.) குழிந்த கண்ணுக்கு இமைமேல் வெளிர்நிறமும், புடைத்த கண்ணுக்கு மினுக்கமற்ற அடர்நிறமும் பொருந்தும். வெளிமுனை தாழ்ந்த கண்ணில், நிறத்தைக் கீழே இழுக்காமல், முனைக்குச் சற்று முன்பே மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும். இனி வரும் குறிப்புகளில், ஒவ்வொன்றும் எவ்வகைக் கண்ணுக்கு உரியது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி