கடலட்டையைத் தட்டில் வைத்தவர்களுக்கு

ஒசாகாவில் தென்மா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கும் அம்மாவுக்கும், அந்த ஒற்றைப் பலகையில் எங்களோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்ட அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் மனதில் இருப்பதை என் மொழியில் சொன்னால்தான் முழுதாகச் சொன்னதுபோல் இருக்கும். என் தம்பி மகள் இதை ஜப்பானிய மொழியில் எழுதிக் கொண்டுவந்து தருவாள். அதற்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். ஜனவரிக் குளிரில் பன்னிரண்டு நாள் எங்களுக்குச் சோறு போட்டவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அங்கே படித்துக்கொண்டிருக்கும் அந்தத் தம்பி மகளுக்கே முதல் நன்றி. "அத்தை, இன்றைக்கு இசகாயாவுக்குப் போகலாம்" என்று அவள் சொன்னபோது, அது குடிக்கும் இடம் என்று தெரிந்து தயங்கினேன். நானும் என்னோடு வந்த தமிழாசிரியையும் ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் ஊரில் மதுக்கடை இருக்கும் தெரு வந்தால் பெண்கள் எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்துவிடுவோம். அவள் எங்களோடு வாதாடவில்லை. இசகாயா என்ற சொல்லை மூன்றாகப் பிரித்துக் காட்டினாள்: இருப்பு, மது, கடை. மது விற்ற கடைகளில் வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்க, கூடவே சாப்பாடும் வந்து சேர்ந்து உண்டான வழக்கமாம் இது, சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய எடோ காலத்திலிருந்து. பிறகு கடை வாசலில் தொங்கிய துணித்திரையை ஒரு விரலால் விலக்கிக் காட்டினாள். உள்ளே எங்கள் வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக உட்கார்ந்து, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் குச்சிகளுமாகச் சுட்ட மீனைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. பெயர் தெரியாத அந்த அம்மையாருக்கும் என் நன்றி.

இன்னொருவரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். இரண்டாம் நாள் நாங்கள் இருவர் மட்டும் வேறொரு கடைக்குப் போனோம். உட்கார்ந்ததும் சிறு கிண்ணத்தில் வேகவைத்த கீரை வந்தது. நாங்கள் கேட்கவில்லை, அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று சாப்பிட்டோம். பில்லில் ஆளுக்கு 400 யென் சேர்ந்திருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக் கல்லாவில் நின்ற பையனிடம் குரலை உயர்த்திவிட்டேன். அடுத்த மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, கைப்பேசியில் தட்டித் தட்டி மொழிபெயர்த்துக் காட்டினார். அதன் பெயர் ஒதோஷி, உட்காரும் இடத்துக்கான கட்டணம் போன்றது, எல்லாருக்கும் உண்டு, இங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. அந்தப் பெண் தன் சாப்பாடு ஆறுவதைப் பொருட்படுத்தாமல் நின்றார். பையனோ நான் கோபப்பட்டதற்கு என்னிடமே தலை தாழ்த்தினான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. தம்பி, தவறு என்னுடையது.

ஒசாகாவின் ஷின்செகாய் பகுதியில் கோபுரத்தின் அடியில் குச்சியில் குத்திப் பொரித்த குஷிகட்சு சாப்பிட்டதும் நினைவிருக்கிறது. பொதுக் கிண்ணத்துச் சாற்றில் ஒரு முறைதான் முக்கலாம், கடித்த பிறகு மறுபடி முக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. "எச்சில் பார்க்கிறார்கள்" என்றார் தமிழாசிரியை. விளக்கமே தேவைப்படவில்லை. சாறு போதாவிட்டால் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பக்கத்து இருக்கைக்காரருக்கு நன்றி.

ஆனால் எங்கள் கடை என்று சொல்லும் உரிமை தென்மாவில் உங்கள் கடையின் மேல்தான் வந்தது. ஒன்பது இருக்கைகள், கரி அடுப்பு, அதற்குப் பின்னால் ஐயா. மது வேண்டாம், ஊலாங் தேநீர் போதும் என்று சொன்னபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பீர்க் கோப்பைக்குக் கொடுக்கும் மரியாதையோடு அம்மா அதைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் கோழி அடித்தால் ஈரல் யாருக்கு, கால் யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். உங்கள் அடுப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனிக் குச்சி, ஒரு தனிப் பெயர். தொடை மோமோ, தோல் கவா, இதயம் ஹாட்சு, குருத்தெலும்பு நன்கோட்சு, வால் நுனி போன்ஜிரி. ஒவ்வொன்றுக்கும் உப்பா, தாரே என்கிற இனிப்புச் சோயா சாறா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாதபோது நீங்களே முடிவு செய்தீர்கள். இரைப்பையை உப்போடு மட்டும் சுட்டுக் கொடுத்தீர்கள். 'நறுக் நறுக்' என்று கடிபட்ட அதற்கு இனிப்புச் சாறு பொருந்தாது என்று முதல் கடியிலேயே புரிந்தது.

தமிழாசிரியை சைவம். அவருக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைத்தான் நான் அதிகம் பேசுகிறேன். இறைச்சியும் மீனும் மீன் சாறும் வேண்டாம் என்று தம்பி மகள் எழுதிக் கொடுத்திருந்த அட்டையை ஐயா இரண்டு முறை படித்தார். ஜப்பானில் காய்கறி உணவிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவம் என்று கேட்டு வாங்குவது அங்கே பெரும்பாடு. ஐயா தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு சிறிய பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, கொம்பு என்கிற கடற்பாசியை மட்டும் போட்டுத் தனியாகச் சாறு எடுத்தார். அதில் டோஃபு வந்தது. சுட்ட ஷிஷிதோ மிளகாய் வந்தது. அதில் எப்போதாவது ஒன்றுதான் உறைக்கும், அது அவருக்கே வந்து விழுந்தது. சோயா தடவிச் சுட்ட சோற்று உருண்டை வந்தது. அந்தப் பாத்திரத்தை மற்ற நான்கு இரவும் அவருக்கென்றே தனியாக வைத்திருந்தீர்களே, அதை நாங்கள் கவனித்தோம்.

இனி என் தட்டுக்கு வருகிறேன். எழுத்தளவில் 'வெள்ளைக் குழந்தை' என்று பொருள்படும் ஷிராக்கோவை எனக்கு முதலில் சொன்னவர் மூலை இருக்கையில் உட்காரும் பெரியவர். அது குளிர்காலத்துக் காட் மீனின் விந்துப்பை. வெந்நீரில் ஒரு கொதி காட்டி, பொன்சு என்கிற புளிப்புச் சாறும் வெங்காயத்தாளும் போட்டு வந்தது. பார்வைக்கு ஆட்டு மூளை. நாக்கில் அதைவிட மென்மையாக, மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்தது. அதே பெரியவர் பச்சைக் குதிரை இறைச்சியையும் காட்டினார். முடியாது என்றேன். அவர் சிரித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'சும்மா சாப்பிட்டுப் பாருங்கள்' என்று ஒருவரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு மிக்க நன்றி, ஐயா.

மூன்றாம் இரவு நீங்கள் வைத்த சிறு கிண்ணத்தை வாழ்நாளில் மறக்க மாட்டேன். கரும்பழுப்பு நிறத்தில், ஓரம் முண்டும் முடிச்சுமாக, மெல்லிய வில்லைகள். மேலே துருவிய முள்ளங்கி, புளிப்புச் சாறு. "நமாக்கோ" என்றீர்கள். தம்பி மகள் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கடலட்டை!

நான் மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவள். சிறு வயதில் அட்டையை வயிறு கீறி, அண்டாவில் அவித்து, மேல்தோல் கழல மணலில் புதைத்து, மறுபடி அவித்துக் காயப் போடுவதைப் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் சட்டையில் ஒட்டும். காய்ந்ததும் மூட்டையாகக் கப்பல் ஏறிவிடும். எங்கள் கரையில் யாரும் அதை வாயில் வைத்ததில்லை. "இதை யாரப்பா தின்கிறார்கள்?" என்று அப்பாவிடம் கேட்பேன், அவருக்கும் தெரியாது. கண்டபடி பிடித்து அழிந்துவரவே, 2001இல் இந்தியாவில் கடலட்டை பிடிப்பதையே தடை செய்துவிட்டார்கள். அதோடு அந்தக் கேள்வியும் எனக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் மூட்டைகள் பெரும்பாலும் போனது சீனச் சமையலறைகளுக்கு. நீங்கள் தின்பது உங்கள் கடலில் குளிர்காலத்தில் எடுத்துப் பச்சையாக நறுக்கும் வேறு இனம். அது தெரிந்தும் கை நடுங்கியது. வாயில் போட்டேன். இளம் முருங்கைத் தண்டைக் கடித்ததுபோல் ஒரு மொறுமொறுப்பு, அப்புறம் ஒரு வழுவழுப்பு, கடைசியில் உப்புக்காற்று. நான் கண் கலங்கியதைப் பார்த்து அம்மா பதறிப்போய்க் கிண்ணத்தை எடுக்க வந்தார். பிடிக்காமல் இல்லை அம்மா. அப்பா நினைவு.

தம்பி மகள் அதை உங்களிடம் சொன்னதும் கடையே அமைதியானது. மூலைப் பெரியவர் எழுந்து என் அப்பாவுக்காகத் தன் கோப்பையை உயர்த்தினார்.

கடைசி இரவு, ஊரிலிருந்து தம்பி மகளுக்காகக் கொண்டுவந்த மாசியில் ஒரு துண்டை உங்களுக்கு எடுத்து வந்தேன். சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டை போலக் காயவைத்தது. ஐயா அதை முகர்ந்தார். ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து உங்கள் ஊர் மாசியான கட்சுவோபுஷியை எடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார். விறகு மோதும் ஓசை, இரண்டுக்கும் ஒன்றுபோல. வகுப்பில் வேதியியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன்: ஜப்பானிய வேதியியலாளர் கொடாமா ஷின்தாரோ 1913இல் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது இந்தக் கட்சுவோபுஷியிலிருந்துதான். எங்கள் அம்மா சம்பலுக்கு மாசி இடித்ததும் அதே சுவைக்காகத்தான்.

பிறகு ஐயா, இழைப்புளியைக் கவிழ்த்துப் பொருத்தியது போன்ற மரப்பெட்டியில் எங்கள் மாசியை வைத்துச் சீவினார். சுருள் விழவில்லை, தூளாகத்தான் விழுந்தது. அதைச் சுடுசோற்றின் மேல் தூவி, தேநீர் ஊற்றி, முதல் கிண்ணத்தை எனக்கும் இரண்டாவதை மூலைப் பெரியவருக்கும் வைத்தார். தமிழாசிரியைக்குக் கொம்புச் சாற்றில் தனியாக ஒரு கிண்ணம்.

மீதி மாசியைக் காகிதத்தில் சுற்றி மேல் தட்டில் வைத்தீர்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் சொல்லியனுப்புங்கள், அடுத்த பொட்டலம் என் பொறுப்பு.

அன்புடனும் நன்றியுடனும்,
ஊலாங் தேநீர் குடித்த இரண்டு ஆசிரியைகளில் ஒருத்தி