ரோலர் நின்ற மாதம்

குலசேகரம்

அன்புள்ள மகளுக்கு,

மே மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 7,200 அடிகள் நடந்த அப்பா ஜூனில் 5,600-க்கு இறங்கிவிட்டாரே, மூட்டுவலி திரும்பிவிட்டதோ என்று போனில் பதறினாய். மூட்டுக்கு ஒன்றுமில்லை, மக்களே. இடவப்பாதிப் பருவமழையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றது. அதனால் அந்தப் பாலை ஷீட் அடிக்க நான் கையால் சுற்றும் ரோலரும் நின்றது. குறைந்தது அவ்வளவுதான்.

நீ அனுப்பிய வாட்ச், மணிக்கட்டின் அசைவை மூன்று திசைகளில் உணர்ந்து, அது ஒரே தாளத்தில் வந்தால் நடை என்று ஊகிக்கிறதே தவிர, கால் தரையில் பட்டதா என்பதை அறியாது. சந்தேகம் தீர, ரோலர் இருக்கும் கொட்டகையில், அதுதான் நம் புரைக்குள், நின்ற இடத்திலேயே நின்று ரோலரின் கைப்பிடியைப் பத்து நிமிடம் சுற்றினேன். 380 அடிகள் ஏறிவிட்டன. பிறகு ஒரு கையில் குடையும், வாட்ச் கட்டிய கையில் வாளியுமாக முற்றத்தில் எண்ணி 100 அடி நடந்தேன், காட்டியது 43. உழைக்காத காலுக்குக் கூலி, உழைத்த காலுக்குப் பிடித்தம்!

ஒன்றும் மாறாத வாரங்களிலேயே என் கணக்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை முதலில் பார். சந்தைக்குப் போகும் நாளும் மழைக்கு வீட்டில் முடங்கும் நாளும் ஒன்றாகா; ஆகவே ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல் வாரச் சராசரியை எடு. சார்ஜில் கிடந்த நாள்களைத் தள்ளிவிடு. அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டினால்தான் அது மாற்றம். அந்த மாற்றம் என் உடம்புக்கு எதையாவது கூட்டியதா, குறைத்ததா என்பது அதற்குப் பிறகு கேட்கவேண்டிய வேறு கேள்வி. 10,000 அடி என்று நீ சொல்லும் இலக்குகூட, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான். வைத்தியர் சீட்டில் எழுதியதல்ல.

வாட்ச் வந்த புதிதில், தை மாதம், சிதறால் மலை ஏறியபோது நான்கு இடங்களில் உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில்தான், அதுவும் உன் அம்மாவுக்காக. இரண்டு நாளும் வாட்ச் காட்டிய அடிகள் ஏறத்தாழ ஒன்றே. நீ விசாரிக்கவேண்டிய மாற்றம் அங்கே இருந்தது, கணக்கில் விழவில்லை.

இன்றுமுதல் வாட்ச்சை இடது கைக்கு மாற்றியிருக்கிறேன். பால்வெட்டு தொடங்கியதும், ரோலர் சுற்றும் நேரம் கழற்றிப் புரையின் ஆணியில் மாட்டிவிடுவேன். ஆகையால் இனி வரும் கணக்கை மே மாதத்தோடு ஒப்பிட்டு மறுபடியும் பதறாதே.

அன்புடன்,
அப்பா