மறுபக்கப் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று மாதம் கழித்து உன்னிடமிருந்து வந்தது நீ வாங்க நினைக்கும் இரண்டு ஜப்பான் வாள்களின் படமும் ஒரு புது முகவரியும். முகவரியைப் பற்றி நான் கேட்கவில்லை. வாளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் படத்தில் இருப்பது 95ஆம் வகை என்று விற்கிறார்கள். சார்ஜெண்ட் மாதிரி ஆட்களுக்கு 1935 முதல் ஜப்பான் ராணுவம் கொடுத்தது. இதை விட்டுவிடு. நாடா சுற்றியதுபோல் வார்த்த உலோகப் பிடி அது. அசலில் வரிகள் தெளிவாக இருக்கும், இதில் மழுங்கிக் கிடக்கின்றன. அலகின் அடியில் குத்திய எண்ணும் உறை வாயில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இதில் அலகு எண் கோணல், உறையில் எண்ணே காணோம். இங்கிலாந்தில் 50 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள வளைந்த வாளை விற்க 2008 முதல் தடை; 1954க்கு முந்தியதற்கும் பழைய முறையில் கையால் அடித்ததற்கும் விலக்கு. பட்டறையில் நேற்றுச் செய்த போலிக்கு அந்த விலக்குக் கிடையாது. தனி வீட்டில் இருக்கிறவள், போலீஸ் வாசலுக்கு வரும்படி வைத்துக்கொள்ளாதே. தனி வீடு என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது 98ஆம் வகை, அதிகாரி வாள். வாலில், அதாவது அலகில் பிடிக்குள் மறையும் பகுதியில், உள்ள கொல்லர் பெயர் ‘கனே’ என்று தொடங்குவதை நீயே படித்திருக்கிறாய். அம்மாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். ஆனால் ஜப்பானில் வாளுக்குப் பேர்போன செக்கி ஊர்க் கொல்லர்களில் பாதிப்பேர் கனேதான். பெயரைப் பார்த்து மயங்காதே. முத்திரையைப் பார். ‘ஷோவா’ அல்லது ‘செக்கி’ முத்திரை என்றால் பெரும்பாலும் பழைய முறையில் அடிக்காமல், எண்ணெயில் தோய்த்த போர்க்கால அலகு. நட்சத்திரம் இருந்தால் ராணுவமே தமாஹகானே என்ற பழைய முறை எஃகைக் கொடுத்து அடிக்கவைத்தது, விலையும் வேறு. விற்கிறவன் வாலின் ஒரு பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறான். தேதி பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும்; நட்சத்திரமும் அங்கே இருக்கலாம். ஜப்பான் கணக்கில் ஷோவா 18ஆம் ஆண்டு என்றால் 1925ஐக் கூட்டு, 1943. மறுபக்கம் பார்க்காமல் காசு கொடுக்காதே.

வெட்டு வாயில் குறுக்காக முடிபோல் விரிசல் இருக்கிறதா என்று விளக்கில் சாய்த்துப் பார். இருந்தால் எந்தப் பெயரானாலும் வேண்டாம். சின்னத் துருப்புள்ளி பரவாயில்லை.

வந்த பிறகு பிடியைக் கழற்றினால், மூங்கில் ஆணியைச் சிறுத்த பக்கத்திலிருந்து தட்டு. இடது கையில் வாளைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, வலது முஷ்டியால் அந்த இடது மணிக்கட்டில் குத்து, அலகு தானே அசையும். கைக்காப்பைச் சுத்தியலால் அடிக்காதே. கைக்காப்புக்கு இரண்டு பக்கமும் வரும் மெல்லிய தகடுகளை வரிசை மாறாமல் படம் எடுத்து வை. அவற்றில் ஒரே எண் குத்தியிருந்தால் மாற்றிக் கோக்காதது. நல்ல சம்பளம் வாங்குகிறாய், வாங்கலாம். ஆனால் வாடகை முழுவதும் இனி நீயா கட்டுகிறாய்?

அப்பாயி இருந்திருந்தால் இதை வாசப்படி தாண்ட விட்டிருக்கமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர் திரும்பாத வீடு. நம் வாளை நான் வாங்கியபோதே அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை.

வாலில் உள்ள துருவை மட்டும் தொடாதே. வயதைச் சொல்வது அந்தக் கறுப்புத்தான். பெட்டியில் இருக்கும் நம் வாளின் வால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று சின்னப்பிள்ளையில் கேட்டாய். வாங்கும்போதே அப்படி என்றேன். பொய். நான்தான் மணல்தாள் போட்டுத் தேய்த்தேன், அழகாக இருக்கட்டும் என்று. பெயரில் பாதி போய்விட்டது. விற்றவன்மேல் பழியைப் போட்டேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ எதையாவது சொன்னால் நான் கத்துவேன் என்றுதான் சொல்வதில்லை என்று அவள் சொல்கிறாள். கத்தமாட்டேன், பாப்பா.

மறுபக்கப் படம் கேள். வந்ததும் எனக்கு அனுப்பு. இங்கே ராத்திரி என்று பார்க்காதே, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா